மேடை கோணல்தான், ஆனால் எந்தப் பக்கம்?

அமெரிக்காவில் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிக்கும் மகனோடு ஒரு குளிர்காலம் முழுவதும் கல்லூரிக் கூடைப்பந்து பார்த்த தந்தை ஒருவர் கேட்டிருக்கிறார்: தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மகன் நடுவரைத்தான் குற்றம் சொல்கிறான், ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளின் ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா எறிவு) எண்ணிக்கையைச் சாட்சியாக நீட்டுகிறான், அவன் நண்பர்களும் அப்படியே பேசுகிறார்கள், நடுவர்கள் உண்மையிலேயே பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களுக்குச் சாதகமாக விசில் ஊதுகிறார்களா, அல்லது இது தோல்வியை ஒப்புக்கொள்ள மனமில்லாதவர்களின் பேச்சா?

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று சொல்லி அந்தப் பிள்ளைகளைத் தள்ளிவிட முடியாது. மேடை உண்மையிலேயே சற்றுக் கோணல்தான். ஆனால் அவர்கள் விரல் நீட்டும் பக்கம் ஒன்று, கோணல் இருக்கும் பக்கம் வேறு. நான் வட கரோலினாவில் இருபது ஆண்டுகளாக வசிக்கிறேன். டியூக் பல்கலைக்கழகமும் வட கரோலினாப் பல்கலைக்கழகமும் காரில் அரை மணிக்குள் போய்வரக்கூடிய தொலைவில் இருக்கும் இந்த வட்டாரத்தில், நடுவரைத் திட்டுவது வானிலை பற்றிப் பேசுவதைப் போல அன்றாடப் பேச்சு. டியூக்குக்கு நடுவர்கள் சலுகை காட்டுகிறார்கள் என்பது மற்றக் கல்லூரி ரசிகர்களுக்கு விவாதமே தேவைப்படாத உண்மை. டியூக் ரசிகர்களைக் கேட்டால், தங்களை வெறுக்கும் நடுவர்களின் பெயர்ப் பட்டியலை அவர்கள் ஒப்பிப்பார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கைல் ஆண்டர்சன், டேவிட் பியர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2004-05 பருவத்தில் நடந்த 365 கல்லூரி ஆட்டங்களின் ஃபவுல் வரிசையை எடுத்து ஆராய்ந்து 2009ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டவை மூன்று. வெளியூரிலிருந்து வந்து ஆடும் அணியின் மீது அதிக ஃபவுல் விழுகிறது. முன்னிலையில் இருக்கும் அணியின் மீது அதிகம் விழுகிறது. அதுவரை குறைவான ஃபவுல் வாங்கிய அணியின் மீதே அடுத்த ஃபவுல் விழும் வாய்ப்பு கூடுதல். இரு அணிகளுக்கும் இடையிலான ஃபவுல் இடைவெளி விரிய விரிய அந்த வாய்ப்பும் ஏறுகிறது. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்து அமையும்போது, அடுத்த விசில் வெளியூர் அணிக்கு எதிராக ஒலிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 70 வரை போகலாம் என்றது அந்த ஆய்வு.

மூன்றாவது முடிவுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கணக்குப் பிள்ளையைப் போல இரு பக்கமும் சரிக்கட்டிக் காட்டும் இந்தப் பழக்கம், மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவே தோன்றும். பாதி ஆட்டம் முடியும்போது பலகையில் எட்டுக்கு எட்டு என்று இருந்தால் யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆனால் ஒரு பயிற்சியாளர் தன் வீரர்களை முரட்டுத்தனமாகத் தடுக்கச் சொல்லி, மற்றவர் கைகளை அடக்கி வைத்துக் கால்களால் தடுக்கச் சொல்லிப் பழக்கியிருந்தால், இருவருக்கும் சம எண்ணிக்கையில் ஃபவுல் விழுவதே அநீதி. முரட்டு அணிக்கு அது மறைமுகமான மானியம். அந்த ஆய்வாளர்களும் இதையே சுட்டினார்கள்: விசில் இப்படிச் சமன்படும் வரை, அணிகள் இன்னும் ஆவேசமாக ஆடுவதற்கான ஊக்கத்தை நடுவர்களே கொடுக்கிறார்கள். உங்கள் மகன் காட்டும் ஏற்றத்தாழ்வான எண்ணிக்கையை விட, சமமாக முடிந்த எண்ணிக்கையே பல சமயம் சந்தேகத்துக்குரியது.

இது திட்டமிட்டுச் செய்வதல்ல என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்தே சொல்ல முடியும். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் வாரக் கடைசியில் நடக்கும் சிறுவர் போட்டிகளுக்கு நடுவராக நின்றேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், ஆட்டத்துக்கு இருபத்தைந்து டாலர். ஒரு சனிக்கிழமை, கூடையை நோக்கிப் பாய்ந்த பையன் ஒருவன் தடுத்து நின்றவன் மீது மோத, தடுத்தவன் மீது ஃபவுல் கொடுத்தேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த தடுத்தவனின் தந்தை எழுந்து, கண் தெரிகிறதா என்று ஒரே ஒரு முறை கேட்டார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை என்றே நம்பினேன். இரவு வீட்டில் என் மனைவி கைப்பேசியில் எடுத்திருந்த காட்சியைப் போட்டுப் பார்த்தபோது, அடுத்த மூன்று நிமிடங்களுக்குள் எதிரணி மீது இரண்டு விசில் ஊதியிருந்தேன். இரண்டில் ஒன்று, மணிக்கட்டில் படாமல் பந்தில் மட்டுமே பட்ட சுத்தமான தட்டு. அந்தத் தந்தையிடம் நான் காசு வாங்கவில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

அரங்கத்தின் இரைச்சல் செய்வதும் இதையேதான், பல்லாயிரம் மடங்காக. டியூக்கின் கேமரன் அரங்கம் 9,314 பேர் மட்டுமே கொள்ளும் சிறிய இடம். ஆனால் மாணவர்கள் ஆடுகளத்தின் கோட்டை ஒட்டி நிற்கிறார்கள், பந்தை உள்ளே வீச வரும் எதிரணி வீரரின் முதுகை அவர்கள் விரல் எட்டிவிடும் தூரம். கால்பந்தில் இங்கிலாந்து ஆய்வாளர்கள் செய்த சோதனை ஒன்று உண்டு: தகுதி பெற்ற 40 நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் 47 மோதல்களைக் காட்டினார்கள், ஒரு பகுதியினருக்குக் கூட்டத்தின் இரைச்சலோடு, மற்றவர்களுக்கு ஒலியே இல்லாமல். இரைச்சலைக் கேட்டவர்கள் உள்ளூர் அணி மீது கொடுத்த ஃபவுல்கள் மற்றவர்கள் கொடுத்ததை விடச் சுமார் 15 விழுக்காடு குறைவு. படம் ஒன்றே, விதி ஒன்றே. காதில் விழுந்தது மட்டுமே வேறு. ஆகவே பெரிய பல்கலைக்கழகங்களுக்குச் சலுகை என்ற குற்றச்சாட்டில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் அது அந்தப் பெயரினால் வருவதை விட, அந்தப் பெயர் நிரப்பும் அரங்கத்தினால் வருவதாகவே நான் நினைக்கிறேன். அதே சலுகை உங்கள் மகனின் கல்லூரிக்கும் சொந்த அரங்கத்தில் கிடைக்கிறது. அதை யாரும் எண்ணி வைப்பதில்லை.

ஃப்ரீ த்ரோ எண்ணிக்கை ஏன் நல்ல சாட்சி அல்ல என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியே நின்று மூன்று புள்ளி எறிவதை நம்பி ஆடும் அணிக்கு ஃபவுல் குறைவாகவே கிடைக்கும். கூடைக்குள் புகுந்து ஆடும் அணிக்கு அதிகம் கிடைக்கும். ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஆறு புள்ளி பின்தங்கிய அணி, கடிகாரத்தை நிறுத்துவதற்காகவே வேண்டுமென்று நான்கு முறை ஃபவுல் செய்தால், எதிரணிக்கு எட்டு ஃப்ரீ த்ரோ வரை சேர்ந்துவிடும். மறுநாள் தாளில் 24க்கு 14 என்று பார்ப்பவருக்கு அது கொள்ளையாகத் தெரியும். அந்தக் கடைசி நிமிடத்தைக் கழித்தால் 16க்கு 14. உங்கள் மகனிடம் முதலில் இந்தக் கழித்தலைச் செய்யச் சொல்லுங்கள்.

இனி, கோபத்தின் பெரும்பங்குக்குக் காரணமான ஒரே தீர்ப்புக்கு வருகிறேன்: பிளாக்கா, சார்ஜா. பந்தோடு பாய்பவரும் தடுப்பவரும் மோதுகிறார்கள். தடுப்பவர் உரிய நேரத்தில் உரிய இடத்தைப் பிடித்து நின்றிருந்தால் பாய்ந்தவர் மீது ஃபவுல், அது சார்ஜ். பிந்தி வந்து குறுக்கிட்டிருந்தால் தடுத்தவர் மீது ஃபவுல், அது பிளாக். ஒரே மோதலுக்கு நேர் எதிரான இரண்டு தீர்ப்புகள். இடையில் நிற்பது ஒரு விநாடியின் சிறு பின்னம். கல்லூரி ஆட்டத்தில் மூன்று நடுவர்கள் உண்டு. கூடைக்கு அடியில் எல்லைக் கோட்டில் நிற்பவர் லீட், நடுக்கோட்டுப் பக்கம் நிற்பவர் டிரெயில், எதிர்ப்பக்க ஓரத்தில் நிற்பவர் சென்டர். பெரும்பாலும் லீட்தான் இந்தத் தீர்ப்பைச் சொல்ல வேண்டும். பந்தைப் பார்க்காதே, தடுப்பவரைப் பார் என்பது அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம். அதாவது அரங்கத்திலுள்ள அத்தனை கண்களும் பந்தின் மீது இருக்கும்போது, நடுவரின் கண் மட்டும் வேறொருவரின் தோளிலும் பாதத்திலும் இருக்க வேண்டும். நீங்களும் நானும் பார்த்ததை அவர் பார்த்திருக்கவே மாட்டார். அவர் பார்த்ததை நாம் பார்த்திருக்க மாட்டோம்.

போதாக்குறைக்கு விதியும் ஓயாமல் மாறுகிறது. 2011-12 பருவத்தில் கூடைக்கு அடியில் மூன்று அடி ஆரத்தில் ஒரு வளைவை வரைந்து, துணைக்கு ஓடிவரும் தடுப்பாளர் அதற்குள் நின்று சார்ஜ் வாங்க முடியாது என்றார்கள். 2015-16இல் அதை நான்கு அடியாக்கினார்கள். 2013-14இல், பாய்பவர் எறிவதற்காக மேல்நோக்கி அசையத் தொடங்கும் முன்பே தடுப்பவர் நின்றாக வேண்டும் என்று மாற்றினார்கள். அந்தப் பருவத்தில்தான் 2014 பிப்ரவரி 22 அன்று, சிராக்யூஸ் பயிற்சியாளர் ஜிம் போஹைம் கேமரன் அரங்கத்தில் தன் வீரர் சி.ஜே. ஃபேர் மீது சார்ஜ் கொடுக்கப்பட்டதும் மேல்சட்டையைக் கழற்ற முற்பட்டபடியே ஆடுகளத்துக்குள் கத்திக்கொண்டு ஓடி, வெளியேற்றப்பட்டார். டியூக் 66-60 என்று வென்றது. சில பத்து ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தவருக்கே அந்தத் தீர்ப்பு பொறுக்கவில்லை என்றால், மேல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பத்தொன்பது வயதுப் பையனை என்ன சொல்வது? 2023-24இல் விதி மறுபடியும் மாறியது: பாய்பவர் எழும்புவதற்காகக் கடைசிப் பாதத்தை ஊன்றும் நேரத்துக்குள் தடுப்பவர் இடம் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பருவத்து மாற்றம் சார்ஜ்களைக் குறைத்து ஆட்டத்துக்கு நல்லது செய்தது என்பது என் எண்ணம்.

நேர்மையான தீர்ப்பும் எப்படிக் கொள்ளையாகத் தோன்றும் என்பதற்கு, 2019 ஏப்ரல் 6 அன்று மினியாபொலிஸில் நடந்த தேசியக் கல்லூரிப் போட்டியின் வர்ஜீனியா, ஆபர்ன் அரையிறுதியை விடச் சிறந்த பாடம் இல்லை. பத்து விநாடிக்கும் குறைவாக மிச்சமிருக்கையில் ஆபர்ன் 62-60 என்று முன்னிலை. வர்ஜீனியாவின் டை ஜெரோம் பந்தைத் தட்டிக்கொண்டு வரும்போது அது காலில் பட்டு விலக, இரு கையாலும் பிடித்து, மீண்டும் தட்டத் தொடங்கினார். பள்ளிக்கூட மைதானத்திலேகூட விசில் விழ வேண்டிய டபுள் டிரிப்பிள், விழவில்லை. வர்ஜீனியா ரசிகர்களோ, அதற்குச் சற்று முன் ஆபர்ன் வீரர் ஜெரோமின் பனியனைப் பிடித்து இழுத்ததற்கும் விசில் விழவில்லையே என்பார்கள். எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கொடுக்காமலே ஃபவுல் செய்ய ஆபர்னுக்கு இன்னும் இடமிருந்ததால், அவர்கள் வேண்டுமென்றே ஃபவுல் செய்து 1.5 விநாடி மிச்சமிருக்கையில் கடிகாரத்தை நிறுத்தினார்கள். பந்து மூலையில் நின்ற கைல் கை என்ற வர்ஜீனியா வீரரிடம் போனது. அவர் எழும்பி எறிந்தார். ஆபர்னின் சமீர் டவுட்டி அவர் உடலோடு மோதினார். பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. ஆபர்ன் வீரர்கள் கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். அப்போதுதான் விசில் ஒலித்திருந்தது பலருக்குப் புரிந்தது. 0.6 விநாடி மிச்சம், மூன்று ஃப்ரீ த்ரோ. கைல் கை மூன்றையும் போட்டார். 63-62. இரண்டு நாள் கழித்து வர்ஜீனியா கோப்பையையும் வென்றது.

அன்றைய தேசிய நடுவர் ஒருங்கிணைப்பாளரான ஜே.டி. காலின்ஸ் ஆட்டம் முடிந்த கையோடு விளக்கம் கொடுத்தார்: எறிந்தவர் காற்றில் இருக்கும்போது தடுப்பவர் அவரை நோக்கி நகர்ந்து, அவர் இறங்க வேண்டிய இடத்தைப் பறித்துக்கொண்டார், ஆகவே ஃபவுல் சரியானதே. காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அவர் சொன்னது உண்மை. ஆனால் சரியான அந்த ஒரு தீர்ப்பை, தவறவிட்ட டபுள் டிரிப்பிளின் மேல் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அந்தத் தவற்றைக் காட்சி பார்த்துத் திருத்த விதியில் இடமே இல்லை. ஆபர்ன் ரசிகரின் மனத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே சதியாகப் பதிந்தன. ஆபர்ன் பயிற்சியாளர் புரூஸ் பேர்ல், இந்த ஆட்டத்தை அந்த ஒரு தீர்ப்பைக் கொண்டு மட்டும் பேசாதீர்கள் என்ற பொருளில் கேட்டுக்கொண்டார். யாரும் கேட்கவில்லை.

ரசிகரின் கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் கல்லூரிகள் அமெரிக்கக் கால்பந்தில் மோதிய முரட்டு ஆட்டத்தின் படச்சுருளை, இரு உளவியலாளர்கள் பின்னர் இரு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மவுத் அணி செய்த மீறல்களாக பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியவை, டார்ட்மவுத் மாணவர்கள் எண்ணியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தங்கள் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எண்ணினார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், நிர்வாகத்தின் மீது எனக்கு இருக்கும் குறையைச் சொல்லாமல் விட்டால் அது ஒருதலைப்பட்சம். கல்லூரி ஆட்ட நடுவர்கள் யாருடைய முழுநேர ஊழியர்களும் அல்லர், ஒப்பந்தக்காரர்கள். லீக் போன்ற கூட்டமைப்பான கான்ஃபரன்ஸ் ஒவ்வொன்றும் ஓர் ஒருங்கிணைப்பாளரை வைத்து அவர்களை ஆட்டங்களுக்கு அனுப்புகிறது. முன்னணி நடுவர் ஒருவர் பல கான்ஃபரன்ஸ்களுக்கு ஊதிக்கொண்டு, இன்று ஓர் ஊர் நாளை வேறோர் ஊர் என்று விமானத்தில் பறந்துகொண்டிருப்பார். அவருக்கு யார் என்ன மதிப்பெண் போட்டார்கள் என்பது வெளியே வருவதில்லை. தொழில்முறை லீகான என்பிஏ, 2015 முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளில் எது சரி, எது தவறு என்று மறுநாளே அறிக்கை வெளியிடுகிறது. கல்லூரி ஆட்டத்தில் அப்படி ஒழுங்காக வெளிவரும் அறிக்கை கிடையாது. பெரிய போட்டியில் பெரிய கூச்சல் எழுந்தால் ஒரு விளக்கம் வரும், அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டு நடத்தும் விசாரணையை யார் நம்புவார்கள்?

அந்தக் கதவு ஒருமுறை திறந்தபோது உள்ளே தெரிந்ததும் அழகாக இல்லை. 2013 மார்ச்சில் லாஸ் வேகாஸில் நடந்த பேக்-12 கான்ஃபரன்ஸ் அரையிறுதியில், அரிசோனா வீரர் மீது டபுள் டிரிப்பிள் கொடுக்கப்பட்டதை எதிர்த்த பயிற்சியாளர் ஷான் மில்லருக்கு, நடத்தைக்காகக் கொடுக்கும் டெக்னிக்கல் ஃபவுல் விழுந்தது. எதிரணியான யூசிஎல்ஏ வீரர் பந்தைத் தொட்டார், ஆகவே அது டபுள் டிரிப்பிளே அல்ல என்பது அவர் வாதம். செய்தியாளர்களிடம் அதே வாக்கியத்தை அவர் திரும்பத் திரும்பச் சொன்னது இன்றும் இங்கே நகைச்சுவையாகச் சொல்லப்படுகிறது. டெக்னிக்கலுக்கு எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, அரிசோனா 66-64 என்று தோற்றது. சில வாரங்களில் செய்தி வெடித்தது: அந்த கான்ஃபரன்ஸின் நடுவர் ஒருங்கிணைப்பாளரான எட் ரஷ், மில்லரை அடக்கும் நடுவருக்கு 5,000 டாலரோ கான்கூன் பயணமோ தருவதாக நடுவர்கள் கூட்டத்தில் சொல்லியிருந்தார். அது வேடிக்கைப் பேச்சு என்றது கான்ஃபரன்ஸ் நிர்வாகம். ரஷ் பதவி விலகினார். உண்மையிலேயே வேடிக்கையாகத்தான் சொல்லியிருக்கலாம். ஆனால் தராசு பிடிப்பவர்கள் கூடும் அறையில் பேசத்தக்க வேடிக்கை அல்ல அது. இதற்குச் சில ஆண்டுகள் முன்பு என்பிஏ நடுவர் டிம் டோனகி சூதாட்டக்காரர்களுக்குத் தகவல் கொடுத்துச் சிறை போயிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ரசிகரின் சந்தேகம் வானத்திலிருந்து விழுந்ததல்ல என்பது புரியும்.

ஆனாலும் சந்தேகத்துக்கும் வேட்டைக்கும் வித்தியாசம் உண்டு. 2017 மார்ச் 26 அன்று கென்டக்கி, வட கரோலினாவிடம் 75-73 என்று தோற்றது; லூக் மே எறிந்த பந்து கடைசி நொடியில் கூடைக்குள் போனது. கென்டக்கி ரசிகர்களின் கோபம் முழுவதும் ஜான் ஹிக்கின்ஸ் என்ற நடுவர் மீது திரும்பியது. நெப்ராஸ்கா மாநிலத்தில் கூரை வேயும் நிறுவனம் நடத்துபவர் அவர். அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அதன் வாசலையே மிதித்திராதவர்கள் வந்து, கூரை ஒழுகுகிறது, வேலை மோசம் என்று எழுதிக் குவித்தார்கள். ஆயிரக்கணக்கான தொலைபேசி அழைப்புகள், கொலை மிரட்டல்கள். தன்னைக் குறித்து ரசிகர்களைத் தூண்டிவிட்டதாக ஓர் ஊடக நிறுவனத்தின் மீது அவர் வழக்குத் தொடுத்தார். கருத்துச் சுதந்திரத்தைக் காரணம் காட்டி நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது, மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. மகனிடம் இந்தக் கதையை விரிவாகச் சொல்லுங்கள். ஒழுகாத கூரையை ஒழுகுகிறது என்று எழுதியவர்களில் பலர் அவன் வயதினர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

2025-26 பருவத்திலிருந்து ஆடவர் ஆட்டத்தில் பயிற்சியாளர் ஒரு தீர்ப்பை எதிர்த்துக் காட்சி பார்க்கச் சொல்ல முடிகிறது: பந்து யாரிடம் பட்டு வெளியே போனது, இறங்கும் பந்தைத் தடுத்தது முறையா, தடுப்பவரின் கால் அந்த வளைவுக்குள் இருந்ததா. காட்சியில் கண்ணாடி போலத் தெளிவாகத் தெரியும் விஷயங்களுக்கு இது நல்ல மருந்து. ரசிகர்கள் அதிகம் கொதிக்கும் கேள்வியான, மோதலுக்குக் காரணம் யார் என்பது மட்டும் இன்னும் நடுவரின் கண்ணிலேயே விடப்பட்டிருக்கிறது.

ஆகவே மகனிடம் வாதாட வேண்டாம். அடுத்த ஆட்டத்தின்போது ஒரு தாளையும் பேனாவையும் கொடுங்கள். ஒவ்வொரு விசிலுக்கும் மூன்று குறிப்புகள் போதும்: அந்த நேரத்தில் யார் முன்னிலை, யாருக்கு அதுவரை ஃபவுல் அதிகம், விசில் யார் மீது. ஆட்டத்தின் கடைசி நிமிடத்தைத் தனிக் கட்டத்தில் எழுதட்டும். பத்து ஆட்டங்கள் எழுதினால் ஓரளவு உருவம் தெரியும். ஒரே நிபந்தனை, அந்தப் பத்தில் ஐந்து அவன் கல்லூரியின் சொந்த அரங்கத்தில் நடந்த ஆட்டங்களாக இருக்க வேண்டும். அவற்றில் வென்ற ஆட்டங்களையும் எழுத வேண்டும்.